தினமும் சுத்தம் பண்றேனுங்க

டாக்டரிடம் பொய் சொன்னேன். பூசி மெழுக இதில் ஒன்றுமில்லை, முகத்தைப் பார்த்துச் சொன்ன பொய். "டேங்கை எப்படி சார் வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். "தினமும் சுத்தம் பண்றேனுங்க" என்றேன். அதை நம்பித்தான் மருந்தை மாற்றி எழுதினார்.

எங்கள் வீட்டில் கண்ணாடி டேங்குக்குள் ஒரு பியர்டட் டிராகன் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்பகுதிகளைச் சேர்ந்த ஓணான் இனம். கோபம் வந்தால் தாடைக்கடித் தோலைக் கறுப்பாக்கி உப்பிக் காட்டும். மகள் ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கியது, கருப்பன் என்று பேர் வைத்ததும் அவள்தான். நன்றாகத் தின்றுகொண்டிருந்தவன் திடீரென்று தீனியைக் குறைத்தான். எச்சம் இளகி, அறையே நாறியது. வாலின் அடிப்பகுதி வற்றி இடுப்பெலும்பு துருத்தியது. எச்சத்தைச் சின்ன டப்பாவில் அடைத்து, ஃப்ரிட்ஜில் தயிருக்குப் பின்னால் ஒரு ராத்திரி வைத்திருந்து (என் மனைவி இதைப் படிக்க மாட்டாள் என்று நம்புகிறேன்) காலையில் கால்நடை டாக்டரிடம் எடுத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் அதை உப்புக் கரைசலில் கலக்கி, மேலே மிதந்து வந்ததைக் கண்ணாடிச் சில்லில் ஒட்டியெடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். நீளவாக்கில் சில நூல்புழு முட்டைகள். "இது கொஞ்சமா இருந்தா பரவாயில்லைங்க, நிறைய ஓணான் வயித்துல இருக்கறதுதான். அதுக்கு மருந்து வேண்டாம். சுத்தி இருக்கற உருண்டைதான் பிரச்சினை" என்றார். காக்சிடியா. அதில் ஐசோஸ்போரா வகை.

அந்தப் பேரை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பல்லடம் பக்கம் அப்பா பிராய்லர் பண்ணை வைத்திருந்தார். கோழிக்கு வரும் ரத்தக் கழிச்சல் இதன் பங்காளிதான். அது ஐமீரியா, கோழியிலிருந்து ஓணானுக்குத் தொற்றாது. ஆனால் இரண்டும் பிழைக்கும் வழி ஒன்று. குடலில் பெருகி, முட்டைபோல் தடித்த ஓட்டுக்குள் அடங்கி, எச்சத்தோடு வெளியே விழும். விழுந்த உடனே தொற்றாது. சூடும் ஈரமும் கிடைத்தால் ஓரிரு நாளில் உள்ளே முதிர்ந்து தயாராகிவிடும். மருந்து குடலுக்குள் இருப்பதைத்தான் தாக்கும். வெளியே கிடக்கும் ஓட்டை ஒன்றும் செய்யாது. பிளீச்சிங் பவுடருக்கும் அது அசையாது. சூட்டுக்குச் சாகும், காய்ந்த இடத்தில் முதிராது. அதனால்தான் அப்பா கோழிக்கடியில் பரப்பிய மஞ்சியை நாள் தவறாமல் கிளறிக் காயவிடுவார். ஒரு பேட்ச் கோழி லாரி ஏறியதும் எல்லாவற்றையும் அள்ளிவிட்டு, ஃப்ளேம் கன்னால் தரையைச் சுட்டுவிடுவார். பள்ளிக்கூட லீவில் அந்த நெருப்பைப் பிடித்து நடந்தவன் நான்.

டாக்டர் கேட்டதும் அதேதான். மணலைக் கொட்டிவிட்டு நியூஸ்பேப்பர் விரிக்க வேண்டும். எச்சத்தை விழுந்தவுடன் எடுக்க வேண்டும். கண்ணாடிக்குக் கொதிக்கிற ஆவி காட்ட வேண்டும். கிரிக்கெட் பூச்சிகளை உள்ளே ஓடவிடாமல் இடுக்கியில் பிடித்து ஊட்ட வேண்டும். உள்ளே அலங்காரமாக வைத்திருந்த கட்டையைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும், மரத்தின் துளைகளுக்குள் போனதைக் கழுவி எடுக்க முடியாது. மருந்து டால்ட்ராசுரில், கோழிக்குத் தண்ணீரில் கலந்து விடுவோமே, அதுவேதான். இங்கே கிராம் கணக்காக எடை பார்த்து, ஊசி கழற்றிய சிரிஞ்சில் வாயோரம் சொட்டுச் சொட்டாக விட வேண்டும்.

மருந்தை ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. அதில் ஒரு பெருமை கூட இருந்தது எனக்கு. சுத்தம்தான் முதல் வாரத்தோடு நின்றது. வெறும் பேப்பரும் கண்ணாடியுமாக டேங்க் ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் பார்த்து வியப்பதற்காகவே தேடிப் பிடித்து வாங்கிய கட்டை அது. விருந்தாளி வருகிற ஒரு ஞாயிற்றுக்கிழமை, தண்ணீரில் அலசி உள்ளே வைத்தேன். பிறகு எடுக்கவில்லை. பூச்சியையும் கொத்தாக உள்ளே கொட்டினேன். இடுக்கியோடு உட்கார யாருக்கு நேரம்?

ஒருநாள் கண்ணெதிரே பார்த்தேன். கட்டையின் வெடிப்பில் காய்ந்து ஒட்டியிருந்த எச்சத்தின் மேல் ஒரு பூச்சி உட்கார்ந்து அதை அரித்துக்கொண்டிருந்தது. கருப்பன் வந்தான், நாக்கை நீட்டினான், பூச்சி போயிற்று. நோய் எந்த வழியில் திரும்புகிறது என்று அங்கேயே தெரிந்துவிட்டது. அதற்கு அடுத்த வாரம் எச்சத்தை மறுபடி காட்டப் போனபோதுதான் டாக்டரிடம் அந்தப் பதிலைச் சொன்னேன்.

பண்ணையில் கிளறாத மஞ்சி கோழியின் எடையில் தெரிந்துவிடும். குஞ்சு கொடுத்த கம்பெனியின் ஆள் கணக்கு கேட்பான், அப்பா பதில் சொல்லியாக வேண்டும். முந்நூற்றுச் சொச்சம் கிராம் ஓணானுக்கு என்னிடம் யார் கணக்கு கேட்பது? கேட்ட ஒரே ஆளையும் ஏமாற்றினேன்.

வீட்டில் சுத்தம் சரியாக இருக்கிறது, அப்படியும் உருண்டைகள் குறையவில்லை என்றால் மருந்துதான் எடுபடவில்லை என்று அவர் முடிவு செய்தார். அவர் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். சல்ஃபா மருந்து எழுதினார். அது சிறுநீரகத்தைப் பார்த்து, உடம்பில் நீர் குறையாமல் கொடுக்க வேண்டியது. கருப்பன் ஏற்கெனவே கழிந்து கழிந்து வற்றியிருந்தான். கண் உள்வாங்கி, சூட்டு விளக்கடிக்குக்கூட வராமல் மூலையில் படுத்துக்கொண்டான். தோலுக்கடியில் நீர் ஏற்ற மறுபடி தூக்கிக்கொண்டு ஓடினோம். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

காரில் வரும்போது மகள் கேட்டாள்: "அப்பா, அந்தக் கட்டையைத் தூக்கிப் போடச் சொன்னாங்கல்ல?" அவளுக்கும் ஒரு பொய் தயாராக வைத்திருந்தேன். அவள் பதிலுக்குக் காத்திருக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்று ராத்திரி டாக்டருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், உண்மையில் அதை விரும்பினேன் என்றும் சொல்லலாம். "சல்ஃபாவை இன்னிக்கே நிறுத்திடுங்க சார். டேங்கை முழுசா காலி பண்ணி ஆவி காட்டுங்க, பழைய மருந்தையே மறுபடி ஆரம்பிப்போம்" என்றார். பிறகு, "அடுத்த தடவை எச்சத்தோட டேங்க் போட்டோவும் எடுத்துட்டு வாங்க. உங்க பொண்ணை எடுக்கச் சொல்லுங்க."