நாற்றங்காலும் நடவு வயலும்

நெல் நாற்றைப் பிடுங்கி வேறு வயலில் நட்டால் அது தழைத்து வளரும். மனிதர் அத்துணை எளிதில் இடம் பெயர்வதில்லை. தொழில் பழகிய மண்ணிலேயே பெரும்பாலும் வேர் பிடித்துவிடுகின்றனர். மருத்துவர்களைப் பொறுத்தவரை இது வெறும் உவமை அன்று. அமெரிக்காவில் முதுநிலைப் பயிற்சி முடித்தவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர், தாம் பயிற்சி பெற்ற மாநிலத்திலேயே பணிபுரிகின்றனர் என அந்நாட்டு மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் கணக்கிட்டுள்ளது.

காரணம் தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. முதுநிலைப் பயிற்சிக் காலம் என்பது திருமணம் நிகழும் காலம். துணைவருக்கு வேலை அமையும் காலம். குழந்தையைப் பள்ளியில் சேர்க்கும் காலம். ஐயம் எழுந்தால் கேட்க ஆசிரியர் அருகில் இருக்கிறார். எந்தக் கருவியோடு பழகினாரோ, அந்தக் கருவி இல்லாத இடத்தில் நோயாளியைத் தொடவே கை தயங்குகிறது. இதனைத் தன்னலம் என்று மட்டும் சொல்லிவிடுதல் நீதியாகாது.

நம் கொங்கு நாட்டையே பார்ப்போம். கோவையில் அரசு மருத்துவக் கல்லூரி 1966-இலும், பீளமேட்டில் பூ.சா.கோ. மருத்துவக் கல்லூரி 1985-இலும் தோன்றின. இன்று பாலக்காட்டிலிருந்தும் மக்கள் சிகிச்சை நாடிக் கோவைக்கு வருகின்றனர். ஆனால் வால்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கு இறங்க 40 கொண்டை ஊசி வளைவுகள். தாளவாடியிலிருந்து திம்பம் வழியே சத்தியமங்கலம் வர 27. பிரசவ வலியோடு அவ்வளைவுகளைக் கடப்பவளுக்குக் கோவையின் பெருமை என்ன ஆறுதல் தரும்? மலைப் பங்குகளில் நாம் பலமுறை கேட்ட சொல் இது: “டாக்டரம்மா மாத்தலாகிப் போயிட்டாங்க, சாமி.” அதில் கோபம் இராது, பழகிப்போன ஏமாற்றமே இருக்கும். அந்த ஏமாற்றம் பழகிப்போவதுதான் நம்மை உறுத்துகிறது.

மாற்று வழி நம்மிடையே இல்லாமல் இல்லை. ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் விதையிட்ட வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், திருச்சபைகளின் பரிந்துரையோடு பயில்வோர், படிப்பு முடிந்ததும் இரண்டாண்டுகள் மிஷன் மருத்துவமனைகளில் பணியாற்றக் கடமைப்பட்டுள்ளனர். தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி, கல்வராயன் மலைகளின் இடையே உள்ள சிட்டிலிங்கியில், மருத்துவத் தம்பதியரான ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1993-இல் ஒரு குடிசையில் பணி தொடங்கினர். அதற்கு முன் அவர்கள் பழகிய இடம் காந்திகிராமத்து மருத்துவமனை. குறைந்த கருவிகளோடு நிறைந்த பணி செய்வதை அங்கே கண்டவர்களுக்குச் சிட்டிலிங்கி அந்நியமாகத் தோன்றியிராது.

எனினும் ஒரு நியாயமான மறுப்பு உண்டு. சிற்றூரை நாடும் மனம் உடையவரே சிற்றூரில் பயிலவும் விரும்புவார். அப்படியிருக்க, பயிற்சி இடமா அவரை மாற்றியது? முழு விளைவையும் இடத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது என்பது உண்மையே. ஆகவேதான் உலக சுகாதார நிறுவனம் 2010-இலும் 2021-இலும் அளித்த பரிந்துரைகளில் பல வழிகளை ஒருங்கே வலியுறுத்துகிறது: ஊர்ப்புற மாணவரைத் தேர்ந்தெடுத்தல், பயிற்சி நிலையங்களைப் பெருநகர்களுக்கு வெளியே அமைத்தல், சிற்றூரில் வாழத்தக்க வசதி அளித்தல்.

தமிழகம் இவ்வழியில் சில அடிகள் நடந்துள்ளது. அரசுப் பணியிலிருக்கும் மருத்துவர்க்கு முதுநிலை இடங்களில் பங்கு தரும் முறை 2017-இல் அகில இந்திய விதிகளால் தடைப்பட்டது. அவ்வுரிமை மாநிலங்களுக்கு உண்டென்று 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. 2022 சனவரியில் திறக்கப்பட்ட 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளுள் திருப்பூர், நாமக்கல், திண்டுக்கல், நீலகிரி ஆகியனவும் அடங்கும். முதுநிலை மாணவர் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பயில வேண்டும் என்பதும் இப்போது விதி. மூன்று மாதம் ஓர் ஊரைப் பார்க்கப் போதும். ஊரோடு உறவாடப் போதாது. புதிய கல்லூரிகளில் முதுநிலைப் பயிற்சியும் வேரூன்றினால்தான் விளைச்சலை எதிர்பார்க்கலாம்.

குருமட மாணவரையும் இடையில் ஓராண்டு பங்குகளுக்கு அனுப்பிப் பழக்குகிறோம். மறைநூல் அறிவு மட்டும் ஒருவரை மக்களோடு வாழப் பயிற்றுவிப்பதில்லை என்பதை நாம் அறிவோம். மருத்துவரிடம் மட்டும் வேறு கணக்கை எதிர்பார்ப்பது எப்படி?

அரசு செய்ய வேண்டியதை அரசு செய்யட்டும். நம் பங்குகளுக்கும் ஒரு பங்கு உண்டு. புதிதாக வரும் இளம் மருத்துவருக்கு வாடகைக்கு நல்ல வீடு கிடைக்கிறதா? அவருடைய பிள்ளைக்கு நம் பள்ளியில் இடம் உண்டா? நள்ளிரவில் அவரை எழுப்பும்போது துணைக்கு ஒருவர் நிற்கிறாரா? சிகிச்சை பலிக்காத நாளில் அவர்மேல் கல்லெறியாமல் காக்க ஊரில் ஒரு குரல் எழுமா? மருத்துவமனைகள் நடத்தும் துறவற சபைகளும், தம் சிற்றூர் மருத்துவமனைகளை இளையோரின் பயிற்சிக் களங்களாகத் திறந்துவிட இயலுமா என எண்ணிப் பார்க்கலாம். தங்க இடமில்லாத ஊரில் தங்காமற் போனவரைக் குறை கூறுவதைவிட, அடுத்து வருபவர்க்கு இடம் ஆயத்தம் செய்தல் நலமன்றோ?