நீல ஜாக், பச்சை ஜாக்

12 அக்டோபர் 2024, சனி, வித்துரா

போனக்காடு தேயிலைத் தோட்ட லயத்திலிருந்து கேசட்டுகள் வந்துவிட்டன. அங்கிருக்கும் ஒரு பாட்டியின் பேரன் அவற்றை ஒரு பிஸ்கட் டப்பாவில் அடுக்கிக் கொண்டுவந்தான். அவனுடைய பாட்டியும் கூடக் கொழுந்து பறித்த பெண்களும் பாடிய தாலாட்டு, ஒப்பாரி எல்லாம் யாரோ டூ-இன்-ஒன்னில் பிடித்து வைத்திருக்கிறார்கள். "அண்ணே, பாட்டி ஒருக்கா கேக்கணும்னு சொல்லிக்கிட்டே இருக்கு. எப்படியாவது போன்ல ஏத்திக் குடுங்க" என்றான்.

தேயிலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து மலையேறி வந்த குடும்பங்களின் குரல் இது. இளசுகள் பிழைப்புத் தேடி மலையிறங்கிவிட்டார்கள். இந்தப் பாட்டுகளை முழுசாகப் பாடத் தெரிந்தவர்கள் இன்று மிகச் சிலர். பழைய டேப் எந்த நேரமும் அறுந்து போகலாம். ஒரே ஓட்டத்தில் சரியாகப் பதிந்துவிட வேண்டும்.

13 அக்டோபர், ஞாயிறு

கேசட் ஸ்பீக்கருக்கு முன்னால் போனை வைத்துப் பிடித்தால் போதுமே என்கிறார்கள். அப்படிச் செய்தால் பாட்டோடு என் அறையின் எதிரொலியும் மின்விசிறிச் சத்தமும் சேர்ந்து பதியும். வயர் வழியாகத்தான் எடுக்க வேண்டும்.

மேசைக் கணினியைத் திருப்பி வைத்துத் தூசி துடைத்தேன். பின்பக்கம் மூன்று ஜாக்குகள்: இளஞ்சிவப்பு, பச்சை, வெளிர்நீலம். இன்டெலும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து வகுத்த 'பிசி 99' வழிகாட்டியிலிருந்து வந்த நிறங்கள் இவை. இளஞ்சிவப்பு மைக்குக்கு. பச்சை வழியாக ஒலி வெளியே போகும். வெளிர்நீலம் லைன்-இன், கேசட் டெக் மாதிரியான கருவியிலிருந்து ஒலி உள்ளே வருவதற்கு.

பக்கத்து வீட்டுச் சேட்டன் இளஞ்சிவப்பில் செருகச் சொன்னார். வேண்டாம் என்றேன். மைக் தருவது சில மில்லிவோல்ட்தான். அதைப் பெரிதாக்கத்தான் அந்த ஜாக்குக்குப் பின்னால் ஒரு சுற்று இருக்கிறது. டெக்கின் லைன்-அவுட் தருவதோ ஏறக்குறைய 0.3 வோல்ட். அதை மைக் ஜாக்கில் கொடுத்தால் குரல் உடைந்து கரகரக்கும். உடைந்து பதிந்த குரலை அப்புறம் எந்த மென்பொருளாலும் பழையபடி ஆக்க முடியாது. போதாததற்கு, பல கணினிகளில் அந்த ஜாக் மோனோதான்.

டெக்கிலிருந்து சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ பின்கள், மறுமுனையில் 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ பின். அந்தப் பின்னைக் கண்ணருகே வைத்துப் பார்த்தால் இரண்டு கறுப்பு வளையங்கள் அதை மூன்றாகப் பிரிப்பது தெரியும். நுனி இடது, நடு வலது, அடி கிரவுண்ட். நீலத்தில் செருகினேன். பச்சையிலிருந்து ஆம்ப்புக்கு ஒரு வயர். ஹெட்போன் முன்பக்க ஜாக்கில்.

ஹெட்போனைச் செருகியதும் ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டது. இது பழுதில்லை. முன்னால் பின் நுழைந்ததை ஒலிச் சில்லு உணர்ந்து பின்பக்க வெளியீட்டை அடைத்துவிடுகிறது. பள்ளிகளுக்குக் கேரள அரசின் கைட் நிறுவனம் தருகிற உபுண்டுதான் இந்தக் கணினியிலும். டெர்மினலில் அல்சாமிக்சர் என்ற ஒலிக் கட்டுப்பாட்டு நிரலைத் திறந்து 'ஆட்டோ-மியூட்' என்பதை நிறுத்தியதும் இரண்டிலும் ஒலி வந்தது.

15 அக்டோபர், செவ்வாய்

ஐப்பசி பிறக்குமுன்பே இடி வந்துவிட்டது. மதியத்துக்கு மேல் பொன்முடி பக்கம் கறுத்து, மழை கொட்டி, ஜன்னல் அதிர்ந்தது. எல்லா பிளக்கையும் கழற்றிப் போட்டேன். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. கணினி, ஆம்ப், டெக் மூன்றும் வயரால் பிணைந்திருக்கும்போது ஒன்றில் பாய்வது மற்றவற்றையும் பதம் பார்க்கும். இந்தப் பருவத்தில் பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 வரை கவனமாக இருக்கும்படி கேரள மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையமே சொல்கிறது. இனி வேலை காலையில் மட்டும்.

16 அக்டோபர், புதன்

ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஓயாத உறுமல். ஹெட்போனில் அது துளியும் இல்லை. ஆகவே டெக்கும் சவுண்ட் கார்டும் சுத்தம். கோளாறு பச்சை ஜாக்குக்கும் ஆம்ப்புக்கும் நடுவில்தான். கணினிக்கு ஒரு சுவரில் எர்த், ஆம்ப்பின் இரும்புப் பெட்டிக்கு எதிர்ச்சுவரில் எர்த். நடுவே ஒலி வயரின் கிரவுண்டும் சேர்ந்து ஒரு வளையமாகிவிடுகிறது. நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அந்த வளையத்தில் ஏறி ஸ்பீக்கருக்கு வருகிறது.

ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னைப் பிடுங்கிவிட்டால் தீரும் என்று பலர் செய்கிறார்கள். உயிரோடு விளையாடுகிற காரியம் அது. உள்ளே ஒரு வயர் நழுவிப் பெட்டியில் பட்டால், அதைத் தொடும் ஆளுக்கு அந்தப் பின் ஒன்றுதான் காப்பு. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போட்டேன். உறுமல் பெருமளவு அடங்கியது. மிச்சத்துக்கு, திருவனந்தபுரம் போன நண்பர் சாலைக் கடைத்தெருவிலிருந்து ஆடியோ ஐசொலேட்டர் வாங்கி வந்தார். உள்ளே குட்டி டிரான்ஸ்பார்மர்; ஒலியைக் காந்தத்தால் கடத்தும், கிரவுண்டை இணைக்காது. ஸ்பீக்கர் அமைதியானது.

19 அக்டோபர், சனி

ஐசர் அறிவியல் கல்வி நிறுவன வளாகத்தில் படிக்கிற திருநெல்வேலிப் பையன் தன் ஹெட்போனைக் கொண்டுவந்தான். 300 ஓம். முன்பக்க ஜாக்கில் போட்டால் சத்தம் மெலிந்து கேட்கிறது. கணக்கு எளிது: 1 வோல்ட் வெளியீட்டில் என் 32 ஓம் ஹெட்போனுக்கு 31 மில்லிவாட் கிடைக்கும், அவனுடையதற்கு 3 மில்லிவாட் சொச்சம்தான். இதற்கெனத் தனி ஹெட்போன் ஆம்ப் வேண்டும்.

"ஸ்பீக்கர் வயர்லயே ஹெட்போனைக் கொடுத்தா என்ன அண்ணாச்சி?" என்றான். என் ஆம்ப் 4440 ஐசி போர்டு. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ரேடியோ கடைக்காரர் எல்லாருடைய கையும் பட்ட சான்யோ ஐசி. இரண்டு சேனலாக இணைத்தால் 6 வாட் வீதம், பிரிட்ஜாக இணைத்தால் 19 வாட். என்னிடம் இருப்பது பிரிட்ஜ் போர்டுகள். அதில் ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் மின்னழுத்தம் உண்டு. எதுவும் கிரவுண்ட் இல்லை. ஹெட்போனுக்கோ இரண்டு காதுக்கும் கிரவுண்ட் ஒன்று. இணைத்தால் ஷார்ட், ஐசியும் போகும், ஹெட்போனும் போகும். சர்க்யூட்டை வரைந்து காட்டியதும் புரிந்துகொண்டான்.

20 அக்டோபர், ஞாயிறு

அதிகாலையில் பதிவு. டெக்கின் ஹெட்டை ஸ்பிரிட்டால் துடைத்து, ஆடாசிட்டி மென்பொருளில் 48,000 ஹெர்ட்ஸ் வைத்தேன். உச்சக் குரலும் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி அளவைத் தாழ்த்திக்கொண்டேன். ஒப்பாரியில் எந்த இடத்தில் குரல் வெடிக்கும் என்று முன்கூட்டித் தெரியாது. மேலே இடம் விட்டுத்தான் ஆக வேண்டும்.

ஸ்பீக்கரை அணைத்துவிட்டு ஹெட்போனில் கேட்டேன். ஒரு தாலாட்டின் நடுவே குழந்தை சிணுங்க, பாடுகிறவர் பாட்டை நிறுத்தாமலே அடுத்த வரியை இன்னும் மெதுவாக எடுக்கிறார். ஸ்பீக்கரில் என்றால் இது கேட்டே இருக்காது. பதிவு நடக்கும்போது ஹெட்போனைக் காதிலிருந்து எடுக்கக் கூடாது என்று நான் அடித்துச் சொல்வது இதற்காகத்தான்.

27 அக்டோபர், ஞாயிறு

பென் டிரைவில் ஒரு பிரதி பேரனுக்கு, போனில் ஒன்று பாட்டிக்கு, இன்னொன்று என் ஹார்ட் டிஸ்கில். பாட்டி ஹெட்போனை மாட்டிக் கேட்டுவிட்டு, "இது என் மதினி குரலுல்லா!" என்று பேரனிடம் சொன்னாராம்; யார் யார் பாடினார்கள் என்று பெயர் பெயராகச் சொல்லி எழுத வைத்திருக்கிறார். அந்தத் தாளையும் படமெடுத்துக் கோப்போடு சேர்த்துவிட்டேன்.

இப்போதைய மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் நீல ஜாக் கிடையாது. லைன்-இன் உள்ள யுஎஸ்பி சவுண்ட் கார்டு தனியாக வாங்க வேண்டும். வீட்டில் கேசட் வைத்திருப்பவர்களே, பழைய மேசைக் கணினியைக் காயலான் கடையில் போடுவதற்கு முன் அதன் பின்பக்கம் பாருங்கள். நீல ஜாக் இருந்தால், முதலில் அந்தக் கேசட்டுகளைப் பதிந்து முடித்துவிடுங்கள்.