இதற்கு முன் என்ன அரைத்தீர்கள்?

காரைக்குடியில் மாவு மில்லுக்குப் போகிற யாரும், மிளகாய் அரைத்த கையோடு தங்கள் அரிசியைக் கொட்ட விடமாட்டார்கள். மாவில் காரம் ஏறிவிடும். கோதுமை அரைத்த கையோடு கொட்டினால் யாரும் வாய் திறப்பதில்லை. இரண்டும் வெளிறிய மாவு, நாக்குக்கு வித்தியாசம் தெரியாது. கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் குடலுக்கு ஆகாத சீலியாக் நோய் உள்ளவர்களுக்காகப் பலகாரம் செய்ய இறங்கிய பிறகு, இந்தத் தொழிலில் நான் தெரிந்துகொண்டதில் பெரும்பகுதி அந்த மில் வாசலில் தெரிந்துகொண்டதுதான்.

எங்கள் ஊர்ப் பலகாரத்தை நினைத்துப் பாருங்கள். தேன்குழல், சீப்புச் சீடை, மாவுருண்டை, அதிரசம், கந்தரப்பம், வெள்ளைப் பணியாரம், கும்மாயம் எல்லாமே அரிசி, உளுந்து, பாசிப்பருப்பு. ரவையில் செய்யும் ரங்கூன் புட்டு மாதிரிச் சிலவற்றை ஒதுக்கிவிட்டால் கோதுமைக்கு அங்கே இடமே இல்லை. "அரிசிப் பலகாரந்தானே ஆச்சி, இதுல என்ன வந்துரப்போகுது?" என்று கேட்பவர்கள் அதனால்தான் அதிகம். வருகிறது. "குளூட்டன் ஃப்ரீ" என்று அச்சடித்த பாக்கெட்டைப் பிரித்துக் கொடுத்தும் பிள்ளை இரவெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு புரண்டான் என்று சொல்லும் தாய்மார்களை எனக்குத் தெரியும். வீட்டில் மற்றவர்கள் அதை மனப்பிரமை என்பார்கள். லேபிளில்தான் போட்டிருக்கிறதே என்பார்கள். லேபிள் சொல்வதும் உண்மையாக இருக்கலாம், பிள்ளையின் வலியும் உண்மையாக இருக்கலாம். இந்த இரண்டும் எப்படி ஒன்றாக நிற்கும் என்பதுதான் நான் பேச வந்தது.

நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ, ஒரு கிலோ உணவில் குளூட்டன் 20 மில்லிகிராமைத் தாண்டாவிட்டால் "குளூட்டன் ஃப்ரீ" என்று போட்டுக்கொள்ள அனுமதிக்கிறது. உலக அளவிலான கோடெக்ஸ் தரமும் அதுவே. ஒரு கோதுமை மணியின் எடை ஏறத்தாழ 40 மில்லிகிராம். அதில் பத்துப் பன்னிரண்டு விழுக்காடு புரதம், அந்தப் புரதத்தில் முக்கால் பங்குக்கு மேல் குளூட்டன். ஆக, ஒரு மணிக்குள் மூன்று மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. ஒரு கிலோ அரிசியில் ஆறேழு மணி கிடந்தாலே வரம்பு முடிந்துவிடும். அந்த மணிகள் மாவு முழுக்கச் சீராகப் பரவுவதும் இல்லை. ஒரே ஒரு மணியின் மாவு ஒரு 100 கிராம் பாக்கெட்டில் மட்டும் விழுந்தால், அந்தப் பாக்கெட்டின் அளவு கிலோவுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டும். அதே நாளில் கட்டிய அடுத்த பாக்கெட்டில் ஒன்றுமே இருக்காது. ஆய்வகத்துக்கு எந்தப் பாக்கெட் போனதோ அதைத்தான் லேபிள் பேசுகிறது.

இது வெறும் பயம் இல்லை. 2010-இல் அமெரிக்காவில் இயல்பாகவே குளூட்டன் இல்லாத தானியம், மாவு என 22 மாதிரிகளைச் சோதித்தார்கள். ஏழில் 20 மில்லிகிராமுக்கு மேல் இருந்தது. சோயா மாவும் சிறுதானிய மாவும் அதில் சேர்த்தி. "குளூட்டன் ஃப்ரீ" என்று போட்டு விற்ற பொருள்கள் அல்ல அவை, இயல்பில் சுத்தம் என்று நம்பி வாங்குகிறவை. நம் அரிசிப் பலகாரத்தையும் அப்படித்தானே நம்புகிறோம்?

தமிழ்நாட்டில் இதைப் பேசினால் "அது வடக்கத்தி நோயாச்சே" என்று வரும். 2016-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் வட இந்தியாவில் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேலாகவும், தெற்கே ஆயிரத்துக்கு ஒருவர் அளவிலும் சீலியாக் இருப்பதாகக் கண்டார்கள். ஆனால் இந்த நோய்க்கு இடங்கொடுக்கும் மரபணு இரு பக்கத்திலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்களிடம் இருந்தது. வேறுபட்டது தட்டுதான். அந்த ஆய்வின் காலத்தில் தெற்கே ஒருவர் நாளுக்கு 25 கிராம் அளவில்தான் கோதுமை சாப்பிட்டார். இன்று காரைக்குடியில் சர்க்கரைக்காக ராத்திரிச் சப்பாத்தி இல்லாத வீடு எத்தனை? பிஸ்கட், பரோட்டா, சேமியாப் பாயசம் என்று எல்லாப் பக்கமும் கோதுமை. ரத்தசோகை, வளர்த்தி இல்லை என்று வருடக்கணக்கில் இரும்பு டானிக் குடிக்கும் பிள்ளைகளுக்கு ஒருமுறை சீலியாக் ரத்தப் பரிசோதனை செய்து பார்க்கச் சொல்லுங்கள். தயவுசெய்து அதற்கு முன் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்திவிட்டால் பரிசோதனையில் தெரியாமல் போகலாம்.

பெருங்காயத்தைப் பற்றி மட்டும் எவ்வளவு சொன்னாலும் எனக்குத் தீராது. கடையில் வாங்குவது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். பிசினோடு ஸ்டார்ச்சோ தானிய மாவோ சேர்த்துச் செய்ய விதியே அனுமதிக்கிறது, அந்தத் தானியம் பல டப்பாக்களில் கோதுமை. ஒரு கிலோ தேன்குழல் மாவுக்கு ஒரு கிராம் பெருங்காயம், அதில் பாதி கோதுமை மாவு என்று வைத்துக்கொள்வோம். குளூட்டன் 40 மில்லிகிராமைத் தொட்டுவிடுகிறது, வரம்பைப் போல் இரண்டு மடங்கு. அரிசியைப் பார்த்துப் பார்த்து அரைத்த உழைப்பெல்லாம் அந்த ஒரு சிட்டிகையில் போய்விடும். எண்ணெய்ச் சூடு குளூட்டனை அழிக்கும் என்று நினைப்பவர்களும் உண்டு, அழிக்காது. சோமாஸ் பொரித்த எண்ணெயில் தேன்குழல் பிழிந்தால் சோமாஸின் மைதா மாவு தேன்குழலுக்கு வரும். கல்யாண வீட்டுப் பலகாரத்தைச் சீலியாக் உள்ளவர்களுக்கு நான் பரிந்துரைக்காததற்குக் காரணம் அங்கே இருக்கும் அந்த ஒரே எண்ணெய்ச் சட்டி.

என் வேலை முறத்தில் தொடங்குகிறது. அரிசியையும் உளுந்தையும் பகல் வெளிச்சத்தில் பரப்பி, மணி மணியாகப் பார்த்து எடுக்க வேண்டும். உளுந்தில் கோதுமை மணி சட்டென்று கண்ணில் படும். பச்சரிசியில் ஒளிந்துகொள்ளும், அதனால் அரிசிக்கு இரண்டு பேர், இரண்டு முறை. களைந்த அரிசியை வேட்டியில் நிழலில் காயப்போடுவது பழைய வழக்கம். அதை மொட்டை மாடியில் செய்வதில்லை, பக்கத்து மாடியில் யாராவது கோதுமை காயவைத்திருப்பார்கள். மூடிய அறையில், வளவுப் பக்கம் கதவைச் சாத்திவிட்டுக் காயவைக்கிறோம். அரைப்பது எங்கள் சொந்த மிஷினில், கோதுமை ஒருநாளும் ஏறாத மிஷின் அது. சல்லடை தனி. எத்தனை தேய்த்தாலும் கம்பி வலையின் இடுக்கில் மாவு நிற்கும் என்பதால் சல்லடையை இரவல் வாங்குவதும் கொடுப்பதும் இல்லை. மரக் கட்டையும் மரக் கரண்டியும் அப்படியே. வேலைக்கு வரும் பெண்கள் மத்தியானச் சாப்பாட்டுக்குச் சப்பாத்தியோ பரோட்டாவோ கொண்டுவந்தால் வெளித் திண்ணையில் சாப்பிட்டு, கை கழுவி, மேல்துணி மாற்றிக்கொண்டுதான் உள்ளே வருவார்கள். முதலில் சங்கடப்பட்டவர்கள், எதற்காக என்று சொன்ன பிறகு என்னைவிடக் கறாராக இருக்கிறார்கள்.

ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பும்போது நல்ல மாவை அள்ளி அனுப்புவது எல்லாரும் செய்வது. நான் மிஷினின் மூலையில் கூட்டி எடுத்த மாவையும் அன்றைக்கு முதலில் விழுந்த மாவையும் அனுப்புகிறேன். தப்பு எங்கே தங்கும் என்று தெரிந்தால் அங்கேதான் பார்க்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும், பாக்கெட் சாப்பிட்டு வயிறு வலித்தால் அது குளூட்டனாகத்தான் இருக்கும் என்று சொல்லமாட்டேன். சீலியாக்கில் சிறுகுடலின் உட்சுவரில் உள்ள விரல் போன்ற உறிஞ்சிகள் தேய்ந்துபோய் இருக்கும். அவை திரும்ப வளரும்வரை பாலின் சர்க்கரை பலருக்குச் செரிப்பதில்லை. குளூட்டன் இல்லாத பிஸ்கட்டில் பால் பவுடர் சாதாரணம். கோதுமையின் பிடிப்பு இல்லாததால் பிசின்களும் இசப்கோலும் சேர்ப்பார்கள், அவையும் வயிற்றை உப்பவைக்கும். குளூட்டன் இல்லாத ஓட்ஸ்கூடச் சிலருக்கு ஆகாது. வலி பல மணி நேரம் கழித்தும் வரலாம் என்பதால், காலையில் சாப்பிட்டதன் பழியை ராத்திரிச் சாப்பாடு சுமக்கும்.

இதைவிட எனக்குக் கவலை, சாப்பிட்டும் வலி எதுவும் தெரியாதவர்களைப் பற்றித்தான். "நான் சாப்பிட்டேன் ஆச்சி, ஒண்ணும் பண்ணலை" என்று ஒருவர் சொன்னால் அதை நான் விளம்பரத்துக்கு எடுத்துக்கொள்ள மாட்டேன். இத்தாலியில் 2007-இல் வெளியான ஆய்வில், நாளுக்கு 50 மில்லிகிராம் குளூட்டனை மூன்று மாதம் கொடுத்ததிலேயே குடல் சேதமானது. அரை கிராமுக்குச் சற்று மேற்பட்ட கோதுமை மாவிலேயே அவ்வளவு இருக்கும். வெளியே தெரியாமலே உள்ளே புண்ணாகும். டாக்டர் சொல்லும் இடைவெளியில் ரத்தப் பரிசோதனையைத் திரும்பச் செய்துகொள்ளுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன்.

வலி வந்தால் பாக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள். பேட்ச் எண் அதில்தான் இருக்கிறது. என்ன நேரத்துக்குச் சாப்பிட்டது, என்ன நேரத்துக்கு வலித்தது, அன்று வேறு என்னென்ன சாப்பிட்டது என்று எழுதிவைத்து, செய்தவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். எங்கள் பாக்கெட்டில் பெருங்காயம் எதில் கட்டியது என்பதும் மாவு அரைத்த தேதியும் இருக்கும். ஒவ்வொரு அரைப்பிலும் ஒரு கைப்பிடி மாவை மூடிபோட்டு எடுத்துவைத்திருக்கிறோம். கூப்பிட்டுச் சொன்னால், அதே மாவைச் சோதனைக்கு அனுப்பிவிட்டுத்தான் பதில் சொல்வோம்.