சாச்சாவும் சாமாவும்

நான் எட்டாம் தரத்தில் படித்த காலம். 2017 டிசம்பர் விடுமுறையில் பின்னவலைக்கும் பேராதனைக்கும் ஒரே நாளில் போய் வருவதாக வாப்பா ஏற்பாடு செய்தார். புத்தளத்திலிருந்து சுபஹ் தொழுத கையோடு வேன் புறப்பட்டது. உம்மா கட்டிவந்த இடியப்பம் குருநாகலுக்கு முன்பே முடிந்துவிட்டது.

வேனில் சாச்சாவும் ஏறியதுதான் எங்களுக்குப் பெரிய ஆச்சரியம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, மன்னாரிலிருந்து புத்தளம் வந்த குடும்பம் எங்களுடையது. யுத்தம் முடிந்தபின் ஊர்க் காணியைத் துப்புரவாக்கப் போன சாச்சா, மிதிவெடியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார். அதன்பின் கல்யாண வீடுகளுக்கும் போவதில்லை. செயற்கைக் காலைக் கழற்றுவதென்றால் அறைக் கதவைப் பூட்டிக்கொள்வார். 'கால்' என்ற சொல்லையே நாங்கள் அவர் முன்னால் பார்த்துத்தான் பேசுவோம்.

பின்னவலை யானைகள் சரணாலயம் 1975இல் 25 ஏக்கர் தென்னந்தோட்டம் ஒன்றில் ஆரம்பிக்கப்பட்டது. தாயை இழந்த குட்டிகளுக்காகத் தொடங்கிய இடம். இப்போது மிருகக்காட்சிசாலைத் திணைக்களத்தின் பொறுப்பில் இருக்கிறது. யானைகள் கூட்டமாக வீதியைக் கடந்து மகா ஓயாவுக்குக் குளிக்கப் போவது பார்க்க அழகுதான். சில யானைகளின் காலில் கிடந்த சங்கிலிதான் எனக்குப் பிடிக்கவில்லை.

அங்கேதான் சாமாவைக் கண்டோம். குட்டியாக இருந்தபோது மிதிவெடியில் முன்னங்கால் ஒன்றின் அடிப்பாகத்தை இழந்த பெண் யானை. மூன்று காலில் உடம்பை உந்தி உந்தி நகர்ந்தது.

"சாச்சா, இங்க பாருங்க, உங்களப் போல!" என்று தம்பி கத்தினான்.

உம்மா ஓடிப்போய் அவன் வாயைப் பொத்தினார். வாப்பா வேறு பக்கம் பார்த்தார். சாச்சா மட்டும் யானைப்பாகனுக்குப் பக்கத்தில் போய்ச் சிங்களத்தில் ஏதோ கேட்டார். பிறகு காற்சட்டையைக் கொஞ்சம் உயர்த்தி, செயற்கைக் காலில் விரலால் இரண்டு தட்டுத் தட்டிக் காட்டினார். பாகன் சிறிது நேரம் பேசவில்லை. அப்புறம் இருவரும் வெயிலில் நின்றபடியே வெகுநேரம் கதைத்தார்கள்.

"என்ன சாச்சா கேட்டீங்க?" என்றேன், வேனில் ஏறியதும்.

"மழ நாள்ல அதுக்கும் நோவு வருமாண்டு கேட்டன்."

"அவர் என்ன சொன்னார்?"

"அது சொல்லாதே, மகள்."

மாவனல்லையில் லுஹர் தொழுது, பகல் சாப்பாட்டையும் முடித்து, கடுகண்ணாவ மலையேறிப் பேராதனைக்கு வந்தோம். மகாவலி மூன்று பக்கமும் வளைந்தோடும் 147 ஏக்கர் தாவரவியல் பூங்கா, 1821இல் தொடங்கியது. தென்னை நாட்டிலிருந்து போன எங்களையும் அங்கே ஒரு தேங்காய் மலைக்க வைத்தது. சீஷெல்ஸ் தீவுகளின் இரட்டைத் தேங்காய், உலகிலேயே மிகப் பெரிய விதை. வாப்பா அதன் முன்னால் நின்று சம்பலுக்குக் கணக்குப் போட்டார். ஓர்க்கிட் மண்டபத்தில் உம்மாவை வெளியே எடுப்பதே பெரும்பாடாகிவிட்டது.

பெரிய புல்வெளிக்கு வரும்போது சாச்சாவின் நடை தளர்ந்திருந்தது. அங்கே நிற்கும் ஜாவா அத்தி ஒரு மரமா, ஒரு கூரையா என்று சொல்ல முடியாது. கிளைகள் அவ்வளவு தூரம் படர்ந்து நிழல் தருகின்றன. அதன் கீழே எத்தனையோ குடும்பங்கள் உட்கார்ந்திருந்தன. சாச்சாவும் உட்கார்ந்தார். காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டி, பட்டியைத் தளர்த்தி, காலைக் கழற்றிப் புல்லில் வைத்தார். தழும்பில் காற்றுப் பட்டதும் கண்ணை மூடிக்கொண்டார். அதை நான் பார்த்தது அதுதான் முதற்தடவை. உம்மா பேசாமல் ஃபிளாஸ்க்கைத் திறந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

தம்பி அந்தக் காலை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தான்.

"பாரமா இருக்கு சாச்சா. இத சாமாவுக்குக் குடுப்பமா?"

"சின்னதுடா, அதுக்குக் காணாது" என்றார் சாச்சா, கண்ணைத் திறக்காமலே.