வேசம் கட்டும் வயசு

ஆடி 9, வெள்ளி

பக்கத்து வீட்டுப் பாப்பா பத்தாவது படிக்கிறாள். ஒரு வாரமாக அவள் வாயில் சரசா, சரசா என்று ஒரே பெயர். ஜப்பான் அனிமேயில் வருகிற பெண்ணாம். எங்கள் கொல்லிமலையில் படகு இல்லத்துப் பக்கம் போனால்தான் போனில் சிக்னல் நிற்கிறது. அங்கே போய் இறக்கிக்கொண்டு வந்து திண்ணையில் உட்கார்ந்து பார்க்கிறாள். தமிழ்க் குரல் கிடையாது. அடியில் ஓடும் ஆங்கில வரியை எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். இந்தப் பாடு பாடப் புத்தகத்தில் பட்டால் நான் ஏன் வகுப்பில் தொண்டை கிழியக் கத்தப்போகிறேன்!

“டீச்சர், நீங்களும் பாருங்க. இதுல சண்டையே இல்ல” என்று பாதி போனை என் பக்கம் திருப்பினாள். மழைக்கு வேறு வேலையும் இல்லை. உட்கார்ந்துவிட்டேன்.

படத்தின் பெயர் ‘காகெகி ஷோஜோ’. குமிகோ சைகி வரைந்த மங்கா என்னும் சித்திரக்கதை, 2021இல் 13 பகுதிகளில் அனிமே ஆனது. பெண்கள் மட்டுமே நடிக்கும் ஓர் இசை நாடகக் குழு, அதற்கு ஆள் தயார்செய்யும் இரண்டு வருடப் பள்ளி, அதில் சேர்ந்த பிள்ளைகள். கதை அவ்வளவுதான். வதனபே சரசா நெடுநெடுவென்று 178 சென்டிமீட்டர் உயரம். ‘வெர்சாய் ரோஜா’ நாடகத்தில் ஆணுடை தரித்துப் படை நடத்தும் ஆஸ்கார் வேடம் கட்ட வேண்டும் என்பது அவள் ஆசை. அறைத் தோழி நராத்தா ஐ நேர் எதிர். பிரபலமான பாட்டுக் குழுவில் இருந்தவள். கைகுலுக்க வந்த ரசிகனிடம் முகம் சுளித்ததற்காகக் கழற்றிவிடப்பட்டவள். ஆண்கள் இல்லாத இடம் என்ற ஒரே காரணத்துக்காக இங்கே வந்திருக்கிறாள். ஆசைப்பட்டு வந்தவளைவிட ஒளிந்துகொள்ள வந்தவளின் கதைதான் எனக்குப் பிடித்தது. பாப்பாவிடம் சொல்லவில்லை. சண்டைக்கு வருவாள்.

ஆடி 11, ஞாயிறு

சரசா சிறுமியாக இருந்தபோது கபுகி நாடகக் குடும்பம் ஒன்றோடு பழகியவள். சுகெரோகு என்ற வீரன் வேடத்தில் அவளுக்கு மோகம். ஆடியும் காட்டுகிறாள். பெண் பிள்ளை சுகெரோகு ஆக முடியாது என்று சொல்லிவிடுகிறார்கள். குழந்தை விசும்பி அழுகிற அந்த இடத்தில் பாப்பா போனை நிறுத்திவிட்டாள். “ஏன் டீச்சர் ஆகக் கூடாது?”

கபுகியைத் தொடங்கியவளே ஒகுனி என்ற பெண்தான்; 1603இல், கியோத்தோவில். 1629இல் பெண்கள் மேடையேறக் கூடாது என்று அரசு தடை போட்டது. அதன் பிறகு பெண் வேடமும் ஆணுக்குப் போயிற்று. இதைச் சொன்னதும் பாப்பா, “அப்ப அவங்க வீட்டையே புடுங்கிக்கிட்டாங்களா?” என்றாள். மதிப்பெண் போடலாம் என்றிருந்தது.

அனிமேயில் வரும் குழுவுக்கு நிஜ மூலம் தகராசுகா. அது பிறந்த கதை வேடிக்கையானது. இசிசோ கோபயாஷி என்ற ரயில் கம்பெனிக்காரர் வெந்நீர் ஊற்று உள்ள ஓர் ஊருக்குத் தண்டவாளம் போட்டார். ரயில் கடைசியாக நிற்கும் ஊர் அது. கூட்டம் வர வேண்டுமே என்று உள்நீச்சல் குளம் கட்டினார். தண்ணீர் சில்லிட்டது, ஆள் வரவில்லை. குளத்தின் மேல் பலகை பாவி அரங்கமாக்கினார். 1913இல் பெண் பிள்ளைகளைச் சேர்த்துப் பாட்டும் ஆட்டமும் பழக்கி, 1914 ஏப்ரலில் முதல் நாடகம் போட்டார். நூறு வருடம் தாண்டி இன்னும் நடக்கிறது. ஆண் வேடக்காரிகளுக்குத்தான் அங்கே மவுசு. கல்யாணம் ஆனால் குழுவை விட்டு விலக வேண்டும் என்ற விதியும் கூடவே இருக்கிறது. சொர்க்கம் ஒன்றும் இல்லை.

அனிமேயும் இதையெல்லாம் பூசி மெழுகவில்லை. உடம்பைக் குறை என்று ஆசிரியர் சொன்ன ஒரு வார்த்தையில் நன்றாகப் பாடும் ஒரு பிள்ளை சாப்பிட்டதை எல்லாம் வாந்தியெடுக்கத் தொடங்குகிறாள். ஆசிரியர் வேலை பார்க்கிற எவரும் அந்தப் பகுதியைப் பார்க்க வேண்டும்.

ஆடி 13, செவ்வாய்

பாப்பாவின் தாத்தா ஒருகாலத்தில் கூத்தில் பெண் வேசம் கட்டியவர். எனக்கு இத்தனை நாள் தெரியாது. நேற்று ராத்திரி நாங்கள் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, இன்று சாயங்காலம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அவரே வந்து உட்கார்ந்தார்.

“கீழ்நாட்டுல இருந்து வாத்தியார் வருவாரு டீச்சரம்மா. மாசக்கணக்குல ஊர்லயே தங்குவாரு. சாமையும் கேவுறும் ஊரே அளந்து குடுக்கும். ராத்திரி ராத்திரி பழக்குவாரு.”

திரௌபதி கட்டினாராம். துகிலுரியும் கட்டம் வரும்போது ஜனம் எழுந்து நின்று கற்பூரம் கொளுத்துமாம். “நான் நான்னு நெனப்பே இருக்காது” என்றார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

பாப்பா விடவில்லை. நடந்து காட்டு என்றாள். கிழவர் எழுந்தார். துண்டைத் தோளில் மாராப்பாகப் போட்டார். இடுப்பில் இல்லாத குடத்துக்கு ஒரு பக்கம் சாய்ந்து, பெருவிரலை முதலில் ஊன்றி, ஈரத் தரையில் வழுக்காமல் நடக்கிற பெண்ணாக வாசலைக் கடந்தார். எண்பதை நெருங்கும் மனிதரின் முழங்கால் வலி எங்கே போனதென்று தெரியவில்லை. திரும்பி வந்து உட்காரும்போதுதான் “அப்பாடா” என்று வலி வந்தது.

பாப்பா அப்படியே நடந்தாள். சாய்வு சரி, பெருவிரல் சரி. தாத்தா பார்த்துவிட்டு, “இது என் நடை. உன் நடை எங்க?” என்றார்.

எனக்குச் சிலிர்த்தது. அனிமேயில் ‘ரோமியோ ஜூலியட்’ பயிற்சியில் சரசா டைபால்ட் வேடத்தை அச்சு அசலாக நடிப்பாள். ஆசிரியர் மெச்ச மாட்டார். இது யாரையோ பார்த்துச் செய்த நடிப்பு, இப்படியே போனால் நீ முதல் நிலைக்கு வர முடியாது என்பார். அந்தக் கதை தாத்தாவுக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. தொழில் தெரிந்தவன் எங்கே இருந்தாலும் ஒரே இடத்தில்தான் கை வைக்கிறான்.

பாப்பாவின் அம்மா அடுப்படியில் இருந்து ஒரு வார்த்தை போட்டாள்: “பொட்டப்புள்ளையக் கூத்தாட விட்டா நாளைக்கு எவன் வந்து கட்டுவான்?” யாரும் பதில் சொல்லவில்லை. நானும்தான்.

ஆடி 15, வியாழன்

பாப்பாவின் அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் நடைமுறையில் இருந்திருக்கிறது, அதுவும் நம் மாநிலத்தில். பெருங்கட்டூர் பொ. ராஜகோபால், வாத்தியார் மகன், சிறுவயதிலேயே பள்ளியை விட்டுக் கூத்துக்கு வந்தவர். அவர் ஆடும் கட்டைக்கூத்துக்கென 1990இல் கட்டைக்கூத்துச் சங்கம் தொடங்கியது. 2002இல் காஞ்சிபுரத்தை ஒட்டிய புஞ்சரசந்தாங்கலில் அவரும் அவர் மனைவி ஹன்னே எம். டி புருயினும் ஒரு குருகுலம் திறந்தார்கள். பள்ளிப் பாடமும் கூத்தும் சேர்ந்தே. தங்க இடம், மூன்று வேளைச் சோறு. ஆண்கள் மட்டுமே கட்டிவந்த வேசங்களைப் பெண் பிள்ளைகள் கட்டினார்கள். கிரீடமும் புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் பூட்டிக்கொண்டு ஒரு பெண் பிள்ளை விடியவிடிய குரல் எடுத்துப் பாடி ஆடுவதற்கு எத்தனை வருடப் பழக்கம் வேண்டும்! 2020இல் குருகுலம் மூடப்பட்டது. பழகிய பெண்களில் சிலர் இன்னும் ஆடுகிறார்கள்.

கொல்லிமலையின் மலையாளிப் பழங்குடி மக்கள் தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்தில் இருந்து வந்தவர்கள் என்று கதை சொல்வார்கள். தாத்தாவிடம் குருகுலத்தைப் பற்றிச் சொன்னபோது, “நம்ம ஊருதானே” என்று உரிமையோடு தலையாட்டினார்.

ராத்திரி புறநானூற்றை எடுத்தேன். பத்தாம் வகுப்புக்கு இல்லை, எனக்காக. 152ஆம் பாட்டில் வன்பரணர் கூட்டம் கூட்டமாகப் பாணரையும் விறலியரையும் அழைத்துக்கொண்டு இந்த மலைக்காட்டில் அலைகிறார். ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, புற்றில் கிடந்த உடும்பு என்று வரிசையாகத் துளைத்துப் போகிறது. எய்தவன் யாரென்று தெரியாது. ஆனாலும் ஆள் பெரிய ஆள்தான் என்று புரிந்துகொண்டு, விறலியைப் பார்த்து, பாடுகிறேன், முழவையும் யாழையும் சரிசெய்யுங்கள் என்கிறார். அவன்தான் இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரி. வெட்கப்பட்டுக்கொண்டு இறைச்சியும் மதுவும் தந்து, பொன்னையும் மணியையும் அள்ளிக் கொடுக்கிறான். அடுத்த பாட்டில் இன்னும் வேடிக்கை: வயிறு நிறைந்த களிப்பில் கலைஞர்கள் ஆட்டத்தையும் பாட்டையும் மறந்தே போகிறார்கள்.

பசியில் மறந்த கலைஞர்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இது எவ்வளவு தூரம். கவனிக்க வேண்டியது விறலியை. பாடி ஆடிப் பிழைக்கும் பெண் இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் இந்த மலையேறி வந்திருக்கிறாள். அவளை எவன் கட்டுவான் என்று யாரும் கேட்டதாகப் பாட்டில் இல்லை.

ஆடி 18, ஞாயிறு

வல்வில் ஓரி விழா. செம்மேட்டில் நிற்க இடமில்லை. கொண்டை ஊசி வளைவு 70ஐயும் தாண்டி வண்டிகள் வந்துகொண்டே இருந்தன. வில்வித்தைப் போட்டி, மலர்க் கண்காட்சி, மைக்கில் ஓயாத அறிவிப்பு. எந்த அரசு விழாவிலும் இருப்பதுபோல மேடையில் குழுக்கள் அடுத்தடுத்து ஏறின, இறங்கின. பாப்பா ஆட்டத்தைப் பார்க்கவில்லை, மேடைக்குப் பின்னால் போய் ஒப்பனை போடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில் கேட்டாள்: “சரசா கடைசில ஆஸ்கார் ஆயிடுவாளா டீச்சர்?” 13 பகுதி முடிந்தும் அவள் மாணவிதான். அதுதான் அந்த அனிமேயின் நேர்மை என்று நினைக்கிறேன். கைதட்டலை அது காட்டுவது குறைவு, பழகுவதைக் காட்டுவது அதிகம். கனவைத் துரத்து என்று சொல்லச் செலவில்லை. ரயில்காரர் பலகை பாவினார், ராஜகோபால் சோறு போட்டார், ஓரி பொன் கொடுத்தான். பிறகுதான் அவரவர் கனவு.

ஓரி பெயரில் விழா எடுக்கிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஆடியில் ஒரு ராத்திரியை முழுதாக ஒதுக்குங்கள். வாசலூர்பட்டி படகு இல்லத்துப் பக்கமே இடம் இருக்கிறது. சித்திரை விடுமுறையிலேயே ஒரு கூத்து வாத்தியாரை மலைக்கு அழைத்து, மலைப் பிள்ளைகளுக்கு, பெண் பிள்ளைகளையும் சேர்த்து, பழக்கச் சொல்லுங்கள். வாத்தியாருக்குச் சம்பளமும் பிள்ளைகளுக்குச் சாப்பாடும் விழாச் செலவிலேயே எழுதுங்கள். சாமை அளக்க எங்கள் ஊர் இன்னும் தயார்.