ஓய்வு என்று பெயர் வைத்த பள்ளிக்கூடம்

மே மாதம் நம் பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடக்கும். கிரீஸ் நாட்டில் ஜூன் பாதி வரை வகுப்பு உண்டு. அதனால்தான் ஆசிரியர் பரிமாற்றப் பயணமாக நான் மே மாதத்தில் பத்து நாள் போய்வர முடிந்தது. பெருமாநல்லூரிலிருந்து கிளம்பிய அன்று, பத்தாம் வகுப்புக்குப் போகிற என் மகள் கோடை டியூஷனுக்குப் பையை மாட்டிக்கொண்டிருந்தாள். “அங்கயும் டியூஷன் இருக்குதான்னு பாத்துட்டு வாம்மா” என்றாள்.

நான் தங்கியது வடக்கே செரெஸ் பகுதியில். வழியெல்லாம் அப்போதுதான் முளைத்திருந்த பருத்திக் கன்றுகள். ஐரோப்பிய ஒன்றியத்தில் விளையும் பருத்தியில் பெரும்பகுதி கிரீஸில்தான் விளைகிறதாம். பனியன் ஊர்க்காரிக்குச் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தது போல இருந்தது.

அங்கே தொடக்கப் பள்ளி ஆறு ஆண்டு, அதன்பின் ‘கிம்னாசியோ’ மூன்று ஆண்டு, ‘லிகியோ’ மூன்று ஆண்டு. அரசுப் பள்ளியில் பாடப் புத்தகம் இலவசம். சீருடை கிடையாது, 1982இல் எடுத்துவிட்டார்கள். ஆளுக்கொரு நிறத்தில் டீ-ஷர்ட். இதில் எது நம் ஊரில் தைத்தது என்று நான் காலர் தையலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதியம் ஒன்றரை, இரண்டு மணிக்குள் பள்ளி விட்டுவிடுகிறது. பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அப்புறம் தெருவே அடங்கிவிடுகிறது. கோடையில் மூன்று மணியிலிருந்து ஐந்தரை வரை சத்தம் போடக் கூடாது என்று விதியே இருக்கிறது. ஷிப்டுக்கு ஷிப்டு மிஷின் ஓடும் ஊரிலிருந்து போன எனக்கு அந்த அமைதியில் முதல் இரண்டு நாள் தூக்கமே வரவில்லை.

ஆனால் சாயங்காலம் வெளியே வந்தால் கடைவீதியில் ‘ஃப்ரொன்டிஸ்டிரியோ’ என்று வரிசையாகப் பலகைகள். என்னவென்று கேட்டேன். டியூஷன் சென்டர்! அரசுப் பல்கலைக்கழகத்தில் பட்டப் படிப்புக்குக் கட்டணம் இல்லை. அதற்குள் நுழைய நாடு முழுவதற்குமான பொதுத் தேர்வு எழுத வேண்டும். அதற்காக லிகியோ பிள்ளைகள் இரவு ஒன்பது மணி வரை அங்கே இருக்கிறார்கள்.

‘ஸ்கூல்’ என்ற சொல்லே கிரேக்கத்தின் ‘ஸ்கோலே’யிலிருந்து வந்தது. அதற்கு ஓய்வு என்று பொருள். நம் ‘பள்ளி’யும் அப்படித்தான், பெருமாள் பள்ளிகொண்டிருக்கிறார் என்கிறோம். சமணத் துறவிகள் படுத்த இடமும் பள்ளிதான். இரண்டு மொழியிலும் ஓய்வைப் பெயரில் வைத்துவிட்டுப் பிள்ளைகளிடமிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டோம். நானும் மாலையில் சிறப்பு வகுப்பு எடுப்பவள்தான்.

மே 21 மாலை பக்கத்திலுள்ள அயியா எலேனி கிராமத்துக்கு அழைத்துப் போனார்கள். புனிதர்கள் கான்ஸ்டன்டைன், ஹெலன் திருநாள். அவர்கள் படங்களை ஏந்திக்கொண்டு ஆணும் பெண்ணும் வெறுங்காலோடு தணலில் இறங்கினார்கள். எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது. பங்குனியில் எங்கள் கொண்டத்துக் காளியம்மன் கோயில் குண்டத்தில் பார்ப்பதேதான்! அங்கே முதல் நாளிலிருந்தே ஒரு வீட்டில் கூடி, லைராவுக்கும் மேளத்துக்கும் ஆடித் தயாராகிறார்கள். நம் ஊரில் காப்புக் கட்டி விரதம் இருப்போம். தணலில் இறங்குகிறவருக்குக்கூட அவகாசம் தருகிறோம். தேர்வில் இறங்கும் பிள்ளைக்குத்தான் தருவதில்லை.

ஊர் திரும்பியதும் மகள் கேட்டாள். “அங்கயும் இருக்குது கண்ணு” என்றேன். முகம் வாடிவிட்டது. “ஆனா மத்தியானம் எல்லாரும் தூங்கறாங்க” என்றதும் சிரித்தாள்.

டியூஷனை அடியோடு நிறுத்த எனக்குத் தைரியம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வகுப்பை மட்டும் நிறுத்தினேன். முதல் ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டுப் பாயில் சாய்ந்தவள் ஐந்து மணி வரை தூங்கினாள். இரண்டு தடவை எழுப்பப் போய், எழுப்பாமல் திரும்பி வந்தேன்.