முற்றத்து மாமரமும் அப்பாவின் உளியும்

மாசி வெயில் கெடாவில் உச்சத்தில் நிற்கிறது. சுங்கைப்பட்டாணியைச் சுற்றி எஞ்சியிருக்கும் இரப்பர் மரங்கள் இலைகளை உதிர்த்துவிட்டு நிற்கின்றன. இக்காட்சியைக் காணும்போதெல்லாம் நான் செய்த ஒரு தவறு நினைவுக்கு வருகிறது. அதனை எழுதிவைத்தால் ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் பயன்படலாம்.

என் அப்பா பீடோங் வட்டாரத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். 1877இல் சிங்கப்பூருக்கு 22 நாற்றுகளாக வந்து சேர்ந்த இரப்பர், அமேசான் காட்டு மரம். வறட்சி தொடங்கியதும் இலையுதிர்த்துப் பின் துளிர்க்கும். அந்த வாரங்களில் பால் குறையும், சம்பளமும் குறையும், மளிகைக் கடைக் கணக்கு நீளும். "மரம் ஓய்வெடுக்குது. நாமதான் பொறுத்துக்கணும்" என்பார் அப்பா. பட்டைக்கும் கட்டைக்கும் இடையிலுள்ள மெல்லிய படலத்தில் உளி படாமல் சீவுவதே வெட்டுத் தொழிலின் நுட்பம். பட்டுவிட்டால் அங்கே புதிய பட்டை மேடுபள்ளமாக வளரும். பின்னர் உளி சீராக ஓடாது.

தோட்டம் செம்பனைக்கு மாறியபோது நாங்கள் தாமான் வீட்டுக்குக் குடிவந்தோம். லயத்து வாசலில் நின்ற மாமரத்தின் கன்று ஒன்றை அப்பா பால்டின்னில் வைத்துக் கொண்டுவந்து முற்றத்தில் நட்டார். அங்கிருந்து எங்களோடு வந்த ஒரே உயிர் அதுதான்.

பத்து ஆண்டுகளுக்கு முன்னர், டிசம்பர் விடுமுறை. அப்பா கூலிமிலுள்ள தங்கை வீட்டுக்குச் சென்றிருந்தார். இலைகள் கால்வாயை அடைப்பதாகப் பக்கத்து வீட்டார் குறைப்பட்டார்கள். நான் பாராங் கத்தியால் கிளைகளையெல்லாம் வெட்டிச் சாய்த்தேன். ஆள் வைத்து அடிமரம் வரைக்கும் சிமெண்டும் பூசினேன். திரும்பி வந்த அப்பா வெகுநேரம் மரத்தடியில் நின்றார். "இப்பவாப்பா வெட்டுவாங்க? பூ வைக்கிற நேரமாச்சே" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. பழைய உளியைத் தேடி எடுத்துவந்து, கிழிந்து தொங்கிய பட்டைகளைச் சீவிச் சீராக்கினார்.

மாமரம் முற்றிய கொம்புகளின் நுனியில் பூக்கும். ஆண்டுத் தொடக்கத்தில் வரும் வறட்சியே அதனைப் பூக்கத் தூண்டுகிறது. பூக்கவேண்டிய நுனிகள் அனைத்தையும் நான் டிசம்பரில் வெட்டி எறிந்துவிட்டேன். மரம் தன் சேமிப்பைத் துளிர்விடுவதிலேயே செலவழித்தது. அவ்வாண்டு பூ இல்லை. மறு ஆண்டும் இல்லை. வகுப்பிலோ 'மரங்களின் பயன்கள்' என்ற கட்டுரைகளுக்கு நான் மதிப்பெண் இட்டுக்கொண்டிருந்தேன்!

அதன் பிறகுதான் அப்பாவிடம் பாடம் கேட்டேன். காய் பறித்து முடிந்த பின்னரே கிளை கழிக்க வேண்டும். பட்டுப்போனவை, உரசிக்கொள்பவை, உள்நோக்கி வளர்பவை ஆகியவற்றை எடுத்தால் போதும். பெரிய கிளையாயின் முதலில் அடிப்புறம் சிறிது அறுத்து, சற்றுத் தள்ளி மேலிருந்து அறுக்க வேண்டும். அப்போது பட்டை கிழியாது. எஞ்சிய கட்டையைக் கிளையடியிலுள்ள வீக்கத்திற்கு வெளியே அறுக்க வேண்டும். தார் பூசலாமா என்றேன். "காத்து படட்டும், தானா மூடிக்கும்" என்றார். மரம் தன் காயத்தைச் சுற்றித் தானே அரண் எழுப்பிக்கொள்கிறது என்று விளக்கியவர் அமெரிக்க ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ. அப்பா அவரை அறிந்தவரல்லர்; உளி சொல்லித்தந்ததைச் சொன்னார்.

மழை மாதங்களில் தொழு உரம் இடுவோம். தேங்காய்ச் சிரட்டை, பழைய பால்மங்கு ஆகியவற்றில் நீர் தேங்கிக் கொசுப்புழு வளராமல் கவிழ்த்து வைப்போம். பூக்கும் வரை மாமரத்துக்கு நீர் ஊற்றுவதில்லை. பிஞ்சு பிடித்த பின்னர் ஊற்றுவோம். உதிர்ந்த இலைகளை அடிமரத்தில் படாதவாறு சுற்றிலும் பரப்பினால் வேர் வெயிலைத் தாங்கும். இலைகளை எரிப்பதில்லை. திறந்தவெளியில் எரிப்பதை 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் தடுக்கிறது.

மரத்தைச் சுற்றி மூன்றடிச் சிமெண்டை நானே உடைத்தெடுத்தேன். மூன்றாம் ஆண்டு மரம் பூத்தது. அப்பா நாற்காலியில் அமர்ந்து கைத்தடியால் பூங்கொத்துகளைச் சுட்டிச்சுட்டி எண்ணினார். இன்று அவர் இல்லை. உளி சமையலறைச் சுவரில் தொங்குகிறது.

இப்போது மாணவர்களிடம் கட்டுரைக்குப் பதிலாக, வீட்டு மரமொன்றை ஓராண்டு கவனித்துக் குறிப்பெழுதச் சொல்கிறேன். என்று துளிர்த்தது, என்று பூத்தது, யார் நீர் ஊற்றினார் என்பன போதும். சென்ற முறை ஒரு சிறுமி ஒரே வரி எழுதி வந்தாள்: "எங்கள் வீட்டில் மரம் இல்லை, சிமெண்டு இருக்கிறது." அவளைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. பள்ளி வேலியோரம் நின்ற கறிவேப்பிலைக் கன்றை அவள் பொறுப்பில் விட்டேன்.

பெற்றோர்களே, முற்றத்தில் மூன்றடி மண்ணையாவது பிள்ளைகளுக்காக விட்டுவையுங்கள்.